மின்நிலையம் என்று பெயர் வைத்தவர்கள்: கிராப்ட்வேர்க்கின் எட்டு இறுவட்டுப் பெட்டி

ஜேர்மனியில் டுசல்டோர்ஃப் நகருக்கு அண்மையில் வசிக்கும் என் தமக்கையின் மகன் சென்ற வருடம் ஆடி மாத விடுமுறைக்குக் கிளிநொச்சிக்கு வந்தபோது, சொக்கிலேற் பைகளுக்கும் சவர்க்காரக் கட்டிகளுக்கும் நடுவே துணி சுற்றிய ஒரு பெரிய சதுரப் பெட்டியைக் கொண்டுவந்து என் கடை மேசையில் வைத்தான். விமானத்தில் பொதிகளை எறிந்தவர்களின் கைவண்ணத்தால் அதன் ஒரு மூலை நசுங்கியிருந்தது. "மாமா, இவங்கள் உங்கட ஆக்கள்" என்றான். நான் வானொலிப் பெட்டிகளும் ஒலிபெருக்கிகளும் திருத்துகிறவன். சிவப்புச் சட்டையும் கறுப்புக் கழுத்துப்பட்டியும் அணிந்த நான்கு வெள்ளைக்காரர் ஒரே திசையைப் பார்த்தபடி நிற்கும் படத்தைப் பார்த்தபோது, இவர்கள் எந்த வகையில் என் ஆட்கள் என்பது எனக்கு விளங்கவில்லை. பெட்டியின் விலையைக் கேட்டேன், அவன் சொல்லவில்லை. ஆகவே கொடுத்த காசுக்குத் தகுந்த பொருளா என்ற கேள்விக்கு இந்த மதிப்புரையில் பதில் கிடையாது. மற்றவற்றை, ஓராண்டுக்கு மேல் திரும்பத் திரும்பக் கேட்டபின், எழுதத் துணிகிறேன்.

பெட்டியின் பெயர் ‘டேர் கட்டலோக்’. கிராப்ட்வேர்க் என்னும் ஜேர்மன் குழு 1974 முதல் 2003 வரை வெளியிட்ட எட்டு இசைத்தொகுப்புகளை மீண்டும் சீர்செய்து 2009ஆம் ஆண்டு ஒன்றாக வெளியிட்ட தொகுதி இது. பழைய இசைத்தட்டின் அளவிலான பெட்டிக்குள் எட்டு இறுவட்டுகள் தனித்தனி அட்டை உறைகளிலும், அவற்றுக்குரிய பெரிய படப்புத்தகங்கள் வேறாகவும் இருக்கின்றன. ஒரே பாடல்களுக்கு ஜேர்மன் பதிப்பும் ஆங்கிலப் பதிப்பும் உண்டு. எனக்கு வந்தது ஜேர்மன் பதிப்பு. எனக்கு ஜேர்மன் தெரியாது. மருமகன் இருந்த மூன்று கிழமையும் மாலை நேரங்களில் அருகில் இருந்து வரிக்கு வரி பொருள் சொன்னான். சொற்கள் மிகக் குறைவு என்பதால் அந்த வேலை சீக்கிரம் முடிந்துவிட்டது.

கிராப்ட்வேர்க் என்றால் மின்நிலையம் என்று பொருள். றால்ஃப் ஹூட்டர், புளோரியான் ஷ்னைடர் என்ற இரண்டு இளைஞர்கள் டுசல்டோர்ஃபில் இசை பயின்ற காலத்தில் சந்தித்து, 1970இல் இந்தப் பெயரில் தொடங்கினார்கள். ஷ்னைடர் முதலில் புல்லாங்குழல்காரர். அவருடைய தந்தை கட்டடக் கலைஞர். கொலோன்–பொன் விமான நிலையம் அவர் வடிவமைத்ததே. புகையிரத நிலையத்துக்கு அருகில் ஒரு கட்டடத்தில் தங்களுக்கென்று ஒலிப்பதிவுக்கூடம் அமைத்து, அதற்குக் ‘கிளிங் கிளாங்’ என்று மணி ஒலிப்பதைப் போன்ற ஒரு பெயரை வைத்தார்கள். கிற்றாரும் முழக்கமுமாக இருந்த அந்தக் காலத்து மேற்கத்தியப் பாட்டுலகில், மெல்ல மெல்ல எல்லா வாத்தியத்தையும் இறக்கிவைத்துவிட்டு, கம்பி, சுற்று, அலையியற்றி ஆகியவற்றைக் கொண்டு மட்டும் மெட்டுக் கட்டியவர்கள் இவர்கள். பின்னால் சிந்தபொப் (மின்னொலிக் கருவிகளில் வாசிக்கும் பொப் இசை) என்று பெயர் பெற்ற வகையின் ஊற்று இங்கேதான் இருக்கிறது.

மின்நிலையம் என்ற பெயரைக் கேட்டவுடன் சிரித்துவிட்டேன். 1990இல் பொருளாதாரத் தடை வந்தபின் எங்கள் பக்கத்தில் மின்சாரம் இல்லை. வானொலிக்குப் போடும் பற்றரி தடைசெய்யப்பட்ட பொருள்களின் பட்டியலில் இருந்தது. துவிச்சக்கர வண்டியைத் தலைகீழாக நிறுத்தி, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவிலிருந்து வரும் மின்னை வானொலிக்குக் கொடுத்துத்தான் பிபிசி தமிழோசையையும் வெரித்தாஸ் வானொலியையும் கேட்டோம். டைனமோ தருவது ஆடலோட்டம், 6 வோல்ற், 3 வாற்று. அதை நேராக்க நான்கு டயோட்டுகளும், இரைச்சலை அடக்க ஒரு கொள்ளளவியும் வேண்டும். என் தொழிலின் முதற்பாடம் அந்தச் சின்னப் பலகையைப் பற்றவைத்ததுதான். சுற்றுகிற பையன் களைத்துப்போனால் செய்தி வாசிப்பவரின் குரல் மங்கி, கரகரத்து, ஒரேயடியாக நின்றுவிடும். கசெற் றெக்கோடர் என்றால் இன்னும் வேடிக்கை: கை சோரும்போது சுருதியே இறங்கிப் பெண்குரல் ஆண்குரலாகிவிடும். ஒலி என்பது யாரோ ஒருவருடைய உடல் உழைப்பில் ஓடுகின்ற ஒன்று என்பதை அப்படிப் படித்த ஒருவன் இந்த எட்டு வட்டுகளையும் எப்படிக் கேட்டான் என்பதே இனி வருவது.

முதல் வட்டு 1974இல் வந்த ‘அவுட்டோபான்’. விரைவுப் பெருந்தெரு என்று பொருள். தலைப்புப் பாடல் மட்டும் 22 நிமிடங்களுக்கு மேல் நீள்கிறது. பழைய இசைத்தட்டில் ஒரு பக்கம் முழுவதையும் அதுவே பிடித்திருந்தது. கார்க் கதவு அடிபடுகிறது, இயந்திரம் உறுமிக் கிளம்புகிறது, ஒலிப்பான் ஒருமுறை கத்துகிறது, பிறகு பயணம். அகன்ற பள்ளத்தாக்கு, வெயில், சாம்பல் நிறத் தெரு, வெள்ளைக் கோடுகள், பச்சை ஓரம் என்று சிறுபிள்ளையின் கட்டுரையைப் போல வரிகள் வருகின்றன. நடுவில் அவர்கள் காருக்குள் வானொலியைப் போடுகிறார்கள். அந்த வானொலியின் ஒலிபெருக்கியில் ஒலிப்பதும் இதே பாட்டு. வானொலி திருத்துகிறவனுக்கு இதைவிட நல்ல பகிடி வேறு கிடையாது. வெட்டிச் சுருக்கிய வடிவம் 1975இல் அமெரிக்காவின் பில்போர்ட் என்னும் பாட்டு வரிசைப் பட்டியலில் 25ஆம் இடம் வரை ஏறியது. முழுத்தொகுப்பு அங்கே 5ஆம் இடத்தைப் பிடித்தது. ஜேர்மன் மொழியில் பாடிய ஒரு பாட்டுக்கு அது பெரிய காரியம்.

இதை வீதியில் வைத்துப் பார்க்க வேண்டும் என்று மருமகன் அடம்பிடித்ததால், ஒரு வாடகை வாகனத்தில் கிளிநொச்சி நகரிலிருந்து தெற்கே ஏ9 வீதியில் மாங்குளம் நோக்கிப் போட்டுக்கொண்டு போனோம். எங்கள் வீதியில் பாட்டுக்கு ஒரு தடை உண்டு: முறிகண்டிப் பிள்ளையாரைத் தாண்டி எந்த வாகனமும் நிற்காமல் போவதில்லை. சாரதி நிறுத்தினார், இறங்கினோம், தேங்காய் அடித்தோம், கச்சான் வாங்கினோம், கற்பூரப் புகை மணத்தோடு ஏறிப் பாட்டை விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தோம். உண்மையைச் சொன்னால், அதன்பிறகுதான் பாட்டு நன்றாக இருந்தது. அவுட்டோபானில் யாரும் எதற்காகவும் நிற்பதில்லை. அந்த நிற்காமையின் சுகத்தைத்தான் அந்த 22 நிமிடமும் பாடுகிறது. பூட்டியும் திறந்தும், சோதனைச் சாவடிகளில் இறங்கி நடந்தும் பழகிய ஒரு வீதியில் அதைக் கேட்கும்போது, வழுக்கிக்கொண்டு போகும் அந்தச் சமதாளம் ஏறக்குறைய ஒரு கற்பனைக் கதையாகவே படுகிறது. இதைக் குறையாகச் சொல்லவில்லை.

இந்தத் தொகுப்பில் ஒலிப்பொறியாளராக இருந்தவர் கொன்னி பிளாங்க். குழுவின் தொடக்கத்திலிருந்து ஒலிக்கு உருவம் கொடுத்தவர் அவர். இதன்பின் அவரோடு பிரிந்துவிட்டார்கள். தாளத்துக்காக அந்தக் காலத்தில் அவர்கள் பயன்படுத்திய கருவியைப் பற்றி அறிந்தபோதுதான் மருமகன் சொன்ன "உங்கட ஆக்கள்" எனக்கு விளங்கத் தொடங்கியது. ஓர் ஓர்கனுக்குத் துணையாக விற்கப்பட்ட தாளப்பெட்டியைப் பிரித்து, அதன் தொடுகைகளை வெளியே இழுத்து, உலோகத் தட்டுகளில் பொருத்தி, உலோகக் குச்சியால் தொட்டவுடன் சுற்று மூடிக்கொள்ளும்படி செய்திருக்கிறார்கள். குச்சி ஒரு முனை, தட்டு மறுமுனை. அடிப்பதற்குப் பலம் தேவையில்லை, தொட்டால் போதும். குழுவின் தாளக்காரர் வொல்ஃப்காங் ஃப்ளூர் அந்தத் தட்டுகளின் முன் நின்று குச்சியை அசைக்கும் படங்களைப் பார்த்தால், அது தவில்காரர் நிற்கும் நிலை அல்ல, மீற்றர் பிடித்துச் சோதிக்கும் என்னைப் போன்றவன் நிற்கும் நிலை.

1975இல் வந்த ‘ரேடியோ அக்டிவிட்டேட்’ தொகுப்புத்தான் இந்தப் பெட்டியில் என் தேர்வு. உலகம் இதைப் பெரிதாகக் கொண்டாடவில்லை. முன்னதும் பின்னதும் பெற்ற புகழ் இதற்குக் கிடைக்கவில்லை. தலைப்பில் ஒரு சிலேடை இருக்கிறது: கதிரியக்கம் என்றும் கொள்ளலாம், வானொலியின் இயக்கம் என்றும் கொள்ளலாம். கதிரியக்கத்தை அளக்கும் கைகர் எண்ணியின் துடிப்பில் தொடங்கி, அது தாளமாக மாறி, தலைப்புப் பாடலுக்குள் போய்ச் சேர்கிறது. அதன்பிறகு அலைகள், அன்ரெனா, செய்தி, நிலையங்களுக்கு இடையில் கிடக்கும் இரைச்சல் என்று முழுவட்டும் ஒரு வானொலிப் பெட்டியின் உள்ளே நடக்கிறது. ‘ரேடியோலாண்ட்’ என்ற பாடலில் குமிழைத் திருப்பி நிலையம் தேடுகிறவனின் தனிமை மெதுவாக வருகிறது. ‘நாஹ்ரிஹ்டன்’ என்ற துண்டில், அணுமின் நிலையங்களைப் பற்றிய செய்திகளை வாசிக்கும் குரல்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி, எதையும் முழுதாகப் பிடிக்க முடியாதபடி குழைகின்றன.

சிற்றலை வானொலியைக் கேட்டு வளர்ந்த எவருக்கும் இந்த ஒலி புதிதல்ல. இரவில் பனைமரத்தில் கட்டிய கம்பியை அன்ரெனாவாக்கிக்கொண்டு, ஒரு மயிரிழை தள்ளினால் சீன மொழியும் மறுமயிரிழை தள்ளினால் அரபு மொழியும் வரும் இடத்தில் தமிழைத் தேடினோம். நடுவில் வரும் சீழ்க்கை, உறுமல், கடல் இரையும் ஓசை ஆகியவற்றை நாங்கள் தொல்லையாகவே எண்ணிக் கடந்தோம். இவர்கள் அந்தத் தொல்லையையே எடுத்து மெட்டாக்கியிருக்கிறார்கள். முதல்முறை கேட்டபோது என் மனைவி உள்ளே இருந்து வந்து, "யாற்றை றேடியோ, இன்னும் சரிவரேல்லையோ?" என்று கேட்டாள். இந்தத் தொகுப்புக்கு நான் கேட்ட மிகச் சரியான விமர்சனம் அதுவே.

இங்கேதான் பெட்டியைப் பற்றிய என் முதல் முறைப்பாடும் வருகிறது. 1975இல் இதன் அட்டையில் இருந்தது 1938ஆம் ஆண்டின் ஒரு சிறிய ஜேர்மன் வானொலிப் பெட்டி. ஹிட்லரின் அரசு தன் பிரசாரம் ஒவ்வொரு வீட்டுக்குள்ளும் போய்ச் சேர வேண்டும் என்பதற்காக மலிவு விலையில் செய்து விற்ற பெட்டி அது. அரசியல் சின்னத்தை மட்டும் நீக்கிவிட்டு அதையே முகப்பில் வைத்ததில், வானொலி என்றால் இனிமை மட்டுமல்ல, ஒரே குரலைக் கோடிப்பேர் காதில் ஊற்றவும் அதே கருவி போதும் என்ற எச்சரிக்கை சொல்லாமலே இருந்தது. 2009இன் பெட்டியில் அந்த வானொலி இல்லை; மஞ்சள் நிறத்தில் சிவப்புக் கதிரியக்கச் சின்னம் இருக்கிறது. காரணம் விளங்குகிறது. 1991இல் அவர்கள் இப்பாடலைத் திருத்தி, செர்னோபில், ஹாரிஸ்பேர்க், செல்லாஃபீல்ட், ஹிரோஷிமா என்று அணுவின் ஆபத்தோடு சேர்ந்த இடப்பெயர்களை அடுக்கி, ‘நிறுத்து’ என்ற சொல்லையும் சேர்த்தார்கள். 1992இல் செல்லாஃபீல்ட் அணு ஆலைக்கு எதிராக மான்செஸ்டரில் நடந்த கச்சேரியில் இசைத்தார்கள். 2012இல் ஜப்பானில் புகுஷிமாவின் பெயரையும் சேர்த்துக்கொண்டார்கள். இரண்டு பொருள் கொண்ட பாட்டு ஒரு பொருள் கொண்ட பாட்டாயிற்று. கொள்கை சரி. ஆனால் பழைய அட்டையை எடுத்துவிட்டதால், பாட்டின் மற்றப் பாதியை இனிக் கேட்க வருகிறவர்கள் அறியாமல் போவார்கள். படப்புத்தகத்திலாவது நான்கு வரி எழுதியிருக்கலாம். எழுத்து என்று சொல்லத்தக்க எதுவும் அதில் கிடையாது.

மூன்றாவது, 1977இன் ‘ட்ரான்ஸ் ஒய்ரோபா எக்ஸ்பிரஸ்’. ஐரோப்பிய நகரங்களை இணைத்து ஓடிய முதல்வகுப்புப் புகையிரதங்களின் பெயர் அது. சில்லுகள் தண்டவாளப் பொருத்துகளில் தட்டும் ஓசையைத் தாளமாக்கியிருக்கிறார்கள்; உண்மையான புகையிரதத்தின் தாளம் ஆடுவதற்கு வாகாக இல்லாததால் சிறிது திருத்திக்கொண்டார்கள் என்பது எனக்குப் பிடித்த செய்தி. அந்தப் பாடல் நிற்காமல் ‘மெட்டால் அவுஃப் மெட்டால்’, அதாவது உலோகத்தின்மேல் உலோகம், என்ற பகுதிக்குள் ஓடுகிறது. பாட்டு அங்கே போய்விடும். இரும்பில் இரும்பு மோதும் ஒலி மட்டும் மிஞ்சும். வடக்குப் புகையிரதப் பாதை 1990இல் நின்றது. தண்டவாளங்களும் சிலிப்பர் கட்டைகளும் பதுங்குகுழிகளுக்குக் கூரையாகின. யாழ்தேவி மறுபடியும் கிளிநொச்சிக்கு வந்தது 2013 புரட்டாதியில். அன்று நிலையத்தில் நின்ற பிள்ளைகளில் பலர் அதற்கு முன் புகையிரதத்தைக் கண்ணால் கண்டதில்லை. எல்லையில்லாத ஐரோப்பா என்று இந்த வட்டின் முதற்பாடல் பாடுகிறது. அதைக் கேட்கும்போது பொறாமை வருவதை மறைக்கப்போவதில்லை.

1978இன் ‘டீ மென்ஷ் மஷீனே’ என்பது மனித இயந்திரம். மருமகன் காட்டிய சிவப்புச் சட்டைப் படம் இதனுடையது. அட்டை, ரஷ்ய ஓவியர் எல் லிசிற்ஸ்கியின் பாணியைப் பின்பற்றியது. உலகறிந்த ‘தாஸ் மொடல்’ பாடல் இதில்தான் இருக்கிறது. ஆங்கில வடிவம் வெளிவந்து நான்கு வருடம் கழித்து 1982இல் பிரித்தானியப் பட்டியலில் முதலிடத்துக்கு வந்தது. அதற்குள் அவர்களைப் பார்த்துப் படித்த ஆங்கில இளைஞர்கள் அந்த ஒலியைச் சந்தைக்குக் கொண்டுவந்திருந்தார்கள். குரு பிந்தி வந்து சேர்ந்தார். எனக்கு அதைவிட ‘நியோன்லிஹ்ட்’ பிடிக்கும். மாலை நேரத்து நகரத்தில் குழல்விளக்குகள் எரியத் தொடங்குவதைத் தவிர அதில் வேறு எதுவும் நடப்பதில்லை. ஒன்பது நிமிடம் அந்த வெளிச்சத்தில் நிற்க வைத்துவிடுகிறார்கள். ‘ரொபோட்டர்’ பாடலில் இயந்திரங்கள் ரஷ்ய மொழியில், நான் உன் சேவகன், நான் உன் வேலையாள் என்று சொல்கின்றன. மேடையில் தங்களுக்குப் பதிலாகப் பொம்மைகளை நிறுத்தும் வழக்கமும் இந்தப் பாட்டோடு வந்தது.

1981இன் ‘கொம்பியூட்டர்வெல்ட்’ கேட்கும்போது அது நாற்பது வருடத்துக்கு மேற்பட்டது என்பதை நம்ப முடியாது. வீட்டில் கணினி இல்லாத காலத்தில், காவல்துறைகளின் பெயர்களையும் ஒரு பெரிய வங்கியின் பெயரையும் அடுத்தடுத்து வைத்து, எண்கள், பணம், மனிதர் என்று முணுமுணுக்கிறார்கள். கோபமோ குற்றச்சாட்டோ குரலில் இல்லை. பட்டியல் வாசிப்பது போல வாசித்துவிட்டுப் போகிறார்கள். குடும்ப அட்டை, பதிவு, படிவம், எண் என்று பெயரைவிட இலக்கமே முதலில் கேட்கப்படும் இடங்களில் வரிசையில் நின்றவர்களுக்கு அந்தக் குரலின் தொனி நன்கு தெரியும். ‘நும்மெர்ன்’ என்ற துண்டில் பல மொழிகளில் ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணுகிறார்கள். தமிழ் இல்லை.

ஆனால் இதே வட்டில்தான் ‘தாஷென்றெஹ்னர்’ என்ற சட்டைப்பைக் கணிப்பானைப் பற்றிய பாட்டும் இருக்கிறது. கூட்டுகிறேன், கழிக்கிறேன், இந்தப் பொத்தானை அழுத்தினால் சின்ன மெட்டு ஒன்று வருகிறது என்று ஒரு கடைக்காரப் பையனின் பெருமையோடு பாடுகிறார்கள். மெட்டும் விளையாட்டுப் பொருள் போன்ற சிறுகருவிகளிலேயே வாசிக்கப்பட்டது. இதை ஜேர்மன், ஆங்கிலம், பிரெஞ்சு, ஜப்பானியம் என்று நாட்டுக்கு நாடு மொழி மாற்றிப் பதிவு செய்தார்கள். எண்கள் மனிதரைப் பிடித்து வைக்கும் என்று சொன்ன அதே வாய், எண்களோடு விளையாடுவது எவ்வளவு சந்தோசம் என்றும் சொல்கிறது. கருவியை வெறுக்கவும் இல்லை, கும்பிடவும் இல்லை. இந்தக் குழுவைப் பற்றி நான் சொல்ல விரும்புவது இதுவே: கையால் கழற்றிப் பூட்டிப் பழகியவனுக்குக் கருவியின்மேல் இருக்கும் பட்சம் ஒரு தனி வகை; அதில் வியப்பு குறைவு, பரிச்சயம் அதிகம். அந்தப் பட்சத்தைப் பாட்டில் கேட்டது எனக்கு இதுவே முதல் தடவை.

அடுத்த இரண்டையும் விரைவாகக் கடக்கலாம். 1986இல் ‘இலெக்ட்ரிக் கஃபே’ என்று வந்தது இந்தப் பெட்டியில் ‘டெக்னோ பொப்’ என்று பெயர் மாறியிருக்கிறது. ஒரு பாடலைக் குறுக்கி, இன்னொன்றைப் புதிதாய் நுழைத்திருக்கிறார்கள். தாளம் சுத்தமாக இருக்கிறது, சொல்வதற்குத்தான் எதுவும் இல்லை. 1991இன் ‘த மிக்ஸ்’ பழைய பாடல்களைப் புதிய கணினியில் மறுபடி செய்தது. புதுப்பித்த வீடு போன்றது: ஒழுக்கு இல்லை, பழைய வாசனையும் இல்லை. ஃப்ளூர் 1987இலும், பல மெட்டுகளுக்குக் காரணமான கார்ல் பார்ட்டோஸ் 1990இலும் குழுவை விட்டுப் போனார்கள். அந்த வெற்றிடம் ‘த மிக்ஸ்’ வட்டில் காதுக்குத் தெரிகிறது.

எட்டாவது வட்டைக் கடைசியாகத்தான் போட்டேன். ‘டூர் டி பிரான்ஸ்’. 1903இல் தொடங்கிய அந்தச் சைக்கிள் ஓட்டப் போட்டியின் நூற்றாண்டுக்காகச் செய்து, போட்டி முடிந்தபின்பே கடைக்கு வந்த தொகுப்பு இது. தாமதம் இவர்களுக்கு ஒரு பழக்கம். ஜேர்மன் பட்டியலில் அவர்களுக்கு முதலிடம் பெற்றுத் தந்ததும் இதுவே. கருவான பாட்டு அதற்கு இருபது வருடம் முன்பு, 1983இல், தனிப்பாடலாக வந்தது. ஹூட்டரும் ஷ்னைடரும் சைக்கிள் பித்துக் கொண்டவர்கள். பாட்டின் தாளத்தில் சங்கிலி ஓடும் ஓசை இருக்கிறது. மெட்டுக்குக் கீழே ஒருவர் மூச்சு வாங்கும் ஓசை இருக்கிறது. ஏற்றத்தில் மூச்சு வேகம் பிடிக்கிறது, இறக்கத்தில் தளர்கிறது. 2003இன் தொகுப்பில் ‘இலெக்ட்ரோ கார்டியோகிராம்’ என்ற பாடலில் இதயத்துடிப்பே அடிநாதம். உயிர்ச்சத்துகளையும் தாது உப்புகளையும் வரிசைப்படுத்தி ஒரு பாட்டு, ரைற்றேனியம் என்று இன்னொரு பாட்டு. மனிதன் இயந்திரத்தை ஓட்டவில்லை, இயந்திரம் மனிதனை ஓட்டவில்லை. சங்கிலியின் இரு முனைகளிலும் ஒரே வேலை நடக்கிறது.

வன்னியில் சைக்கிள் விளையாட்டுப் பொருளாக இருந்ததில்லை. விறகு, நெல்மூட்டை, நோயாளி, இடம்பெயரும்போது வீட்டில் கட்டி ஏற்றக்கூடிய எல்லாம் அதில் போயின. பின்னேரம் வீட்டுக்கு வந்தபின் அதே சைக்கிள் தலைகீழாக நின்று மின்நிலையமாயிற்று. அந்த மூச்சு ஒலி முதல்முறை ஒலிபெருக்கியில் வந்தபோது, டைனமோ சுற்றிக் களைத்த என் தம்பி அருகில் இருப்பது போல உணர்ந்து திரும்பிப் பார்த்தேன். இதற்கு மேல் அந்தப் பாட்டைப் பற்றி எழுத எனக்கு வரவில்லை. ஒன்று மட்டும்: அந்த வட்டில் எவரும் களைப்பதில்லை. மூச்சு வாங்குகிறார்கள், ஆனால் சுருதி இறங்குவதில்லை. அது ஒரு குறை என்று எனக்குத் தோன்றுகிறது.

இவர்கள் விட்டுச்சென்றது என்ன என்பதற்கு வெளிநாட்டில் பெரிய பட்டியல் இருக்கிறது. 1982இல் நியூயோர்க்கில் ஆபிரிக்கா பம்பாற்றா வெளியிட்ட ‘பிளானற் றொக்’ பாடல், ‘ட்ரான்ஸ் ஒய்ரோபா எக்ஸ்பிரஸ்’ மெட்டையும் ‘நும்மெர்ன்’ தாளத்தையும் ஆதாரமாகக் கொண்டது. கறுப்பின இளைஞர்களின் ஹிப்ஹொப் தாளம் அதிலிருந்து ஒரு கிளை விட்டது. டிட்ரோயிட் நகரின் டெக்னோ என்னும் ஆட்ட இசைக்கு வித்திட்ட ஹுவான் அற்கின்சும் அவருடைய நண்பர்களும் இவர்களைக் கேட்டு வளர்ந்தவர்கள். ஆங்கிலப் பாடகர் டேவிட் போவி 1977இல் ஷ்னைடரின் பெயரிலேயே ஒரு துண்டு செய்தார். ஓஎம்டி, ஹியூமன் லீக், டெப்பேஷ் மோட் என்று ஆங்கில சிந்தபொப் முழுவதும் இந்தக் கடையில் வாங்கிய சாமான்தான். வாழ்நாள் சாதனைக்கான கிராமி விருது 2014இலும், முப்பரிமாணக் கச்சேரிப் பதிவுக்கான கிராமி 2018இலும் வந்தன. 2012இல் நியூயோர்க்கின் நவீன கலை அருங்காட்சியகம் எட்டு இரவுகளில் இந்த எட்டு வட்டுகளையும் வரிசையாக மேடையேற்றியது.

இத்தனை பேர் கடன் வாங்கியதால் வரும் சங்கடம் ஒன்றுண்டு. என் கடைக்கு வரும் இளைஞர்களுக்குப் போட்டுக் காட்டினால், "இது எங்கையோ கேட்டது மாதிரி இருக்கு அண்ணை" என்கிறார்கள். தொண்ணூறுகளுக்குப் பிந்திய தமிழ்த் திரையிசையைக் கேட்டு வளர்ந்த காதுக்குச் சிந்தசைசர் ஒலி தண்ணீரைப் போலச் சாதாரணம். கிணறு வெட்டியவரை யாரும் நினைப்பதில்லை.

கடன் கொடுத்தவர்கள் எல்லோரிடமும் தாராளமாக இருந்தார்களா என்றால், அதுவும் இல்லை. 1997இல் ஒரு ஜேர்மன் ராப் பாடலில் ‘மெட்டால் அவுஃப் மெட்டால்’ தாளத்தின் இரண்டு வினாடியை எடுத்துச் சுழலவிட்டதற்காக, தயாரிப்பாளர் மோசஸ் பெல்ஹாமுக்கு எதிராக ஹூட்டரும் ஷ்னைடரும் வழக்குப் போட்டார்கள். வழக்கு ஜேர்மனியின் அரசியலமைப்பு நீதிமன்றம் வரை போய், 2019இல் ஐரோப்பிய நீதிமன்றத்தில் தீர்ப்பாகி, 2023இல் வேறொரு கேள்வியோடு மறுபடி அங்கேயே அனுப்பப்பட்டது. இரண்டு வினாடிக்கு இருபது வருடத்துக்கு மேல். எங்கள் காணி வழக்குகளே வெட்கப்படும். சட்டம் எதைச் சொன்னாலும், புகையிரதத்தின் ஓசையை யாரிடமும் கேட்காமல் எடுத்துக்கொண்டவர்கள் அந்த இரண்டு வினாடியைக் கொஞ்சம் கண்டும் காணாமல் விட்டிருக்கலாம் என்பது என் அபிப்பிராயம்.

பொருளின் தரத்துக்கு வருகிறேன். சீர்செய்த ஒலி மிகத் துலக்கமானது. அடித்தாளம் இறுக்கமாக இருக்கிறது. நாடாவின் சீறல் பெரும்பாலும் துடைக்கப்பட்டிருக்கிறது. ஆனால் ஒலியளவை எங்கும் ஒரே உயரத்துக்குத் தூக்கியிருக்கிறார்கள். மென்மையான இடங்கள் முன்னால் வந்து நிற்பதால், ‘ரேடியோ அக்டிவிட்டேட்’ போன்ற வட்டில் தூரத்திலிருந்து ஒரு நிலையம் மிதந்து வரும் உணர்வு சற்றுக் குறைந்துபோகிறது. மருமகன் கைப்பேசியில் வைத்திருந்த பழைய பதிப்பை ஒப்பிட்டுப் பார்த்தே இதைச் சொல்கிறேன். படப்புத்தகங்கள் பெரியவை, அழகானவை, வாய்பேசாதவை. இன்னும் பெரிய குறை, 1970 முதல் 1973 வரை வந்த முதல் மூன்று தொகுப்புகள் இதில் இல்லை. குழு அவற்றை இன்றுவரை இறுவட்டாக வெளியிடவும் இல்லை. புல்லாங்குழலும் வயலினும் இருந்த காலத்தை மறைத்துவிட்டு, பிறக்கும்போதே இயந்திரமாகப் பிறந்ததாகக் காட்டுவது ஒரு தோரணை. தவழ்ந்த படத்தையும் சேர்த்து வைக்காத குடும்ப அல்பம் போல இருக்கிறது. ஷ்னைடர் 2008இன் இறுதியில் குழுவிலிருந்து விலகி, 2020 சித்திரையில் காலமானார். குழுவைத் தொடங்கியவர்களில் இன்று மேடையில் எஞ்சியவர் ஹூட்டர் ஒருவரே.

வெளிநாட்டு உறவினரிடம் கேட்டு வாங்குபவர்கள் முழுப்பெட்டியையும் கேட்கத் தேவையில்லை. ‘ரேடியோ அக்டிவிட்டேட்’, ‘கொம்பியூட்டர்வெல்ட்’, ‘டூர் டி பிரான்ஸ்’ ஆகிய மூன்றும் தனித்தனியாகவும் கிடைக்கும்; பொதியில் எடை குறைவு, மூலை நசுங்கும் பயமும் இல்லை. நீண்ட பயணம் போகிறவர்கள் ‘அவுட்டோபான்’ சேர்த்துக்கொள்ளலாம், முறிகண்டியில் நிறுத்துவதை மறக்காமல். சிறிய கைப்பேசி ஒலிபெருக்கியில் கேட்டுவிட்டு நன்றாக இல்லை என்று சொல்லக் கூடாது. குறைந்தது ஆறு அங்குல ஒலிபெருக்கி இரண்டு வேண்டும்.

என் பெட்டியை இரவல் கொடுப்பதாக இல்லை. கேட்க விரும்புகிறவர்கள் மாலை ஆறு மணிக்குப் பின், திருத்த வந்த பெட்டிகளை ஓரமாக நகர்த்தி வைத்தபின், கடைக்கு வரலாம். மாரியில் மின்சாரம் நின்றாலும் வரலாம். லொறி பற்றரி ஒன்று எப்போதும் சார்ஜ் ஏற்றி வைத்திருக்கிறேன்.